மூன்றாம் தெருவில் தொடங்கும் ஊர்

எங்கள் ஊரில் முதல் தெரு இல்லை.
இரண்டாம் தெருவும் இல்லை.
பஸ்ஸை விட்டிறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால்
ஆறு, ஐந்து, நான்கு,
மூன்றாம் தெருவின் மின்கம்பத்தோடு எண் நின்றுவிடும்.
அதற்கப்புறம் ஆழி.

பலகையை மாற்றி எழுதச் சொன்னது பஞ்சாயத்து.
தஸ்நேவிஸ் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.
"மூணை ஒண்ணாக்கினா
அந்த ரெண்டு தெருவும் இருந்ததே இல்லைன்னு ஆயிரும்லா?"
பெயின்ட் டப்பாவை வாங்கிக்கொண்டுபோய்
தன் வள்ளத்துக்கு அடித்துக்கொண்டார்.

இரண்டாம் தெருவில் எனக்கு மூன்றேகால் சென்ட்.
பட்டா இருக்கிறது.
வடக்கே மஸ்கரேனாஸ் வீட்டுச் சுவர், தெற்கே பொதுக்கிணறு,
மேற்கே தெரு, கிழக்கே புறம்போக்கு.
நான்கெல்லையும் இப்போது ஒன்றுதான்.
நீவாடு தெளிந்த மாசியில்
கிணற்று உறை தெரியும்.
அதற்குள் களவா குடியிருக்கிறது.
ஒருநாள் ரெமிஜியுஸ் அங்கே தூண்டில் போட்டு
ரெண்டு கிலோவில் ஒன்றைக் கொண்டுவந்தார்.
நம்ம கிணத்து மீன் என்று சொல்லியே குழம்பு வைத்தேன்.

பங்குக் கோயில் பதிவேட்டில்
மூன்று பக்கங்களில், மூன்று வேறு கையெழுத்தில்
ஒரே வரி:
"இவ்வருடம் ஊர் மேற்கே நகர்ந்தது."
காரணம் ஒன்றில் புயல், ஒன்றில் கடல்.
மூன்றாவதில் மை கொட்டியிருக்கிறது.
அதன் கீழேயே
ஞானஸ்நானம் பதினேழு, கல்யாணம் ஒன்பது.

இனி மேற்கேயும் நகர முடியாது.
ஆடிக் கச்சான் அடித்தால் தேரி மணல்
செக்கச்செவேலென்று முதுகுப்பக்கம் ஏறி வருகிறது.
பனைகள் இடுப்பளவு புதைந்தபடி காய்க்கின்றன.
கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போனதாம்;
அங்கே இப்போது வாழை.
அங்கே கொடுத்ததை எங்களிடம் வட்டியோடு எடுக்கிறது.
பக்கத்து ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டார்கள்.
அவர்களுக்கு மணல் சேர்ந்தது,
எங்கள் மணல்.
அங்கே பெண்ணெடுத்தவர்கள் ஒரு வருடம்
மாமியார் வீட்டு விருந்துக்குப் போகவில்லை.

சுனாமியில் போனது முதல் தெருவின் மிச்சம்.
ஒக்கியில் வீடு ஒன்றும் போகவில்லை.
லெயோனார்டு போனான்.
அவன் செருப்பு வலைக்கூடத்து வாசலில்.
ஒருவரும் எடுத்து வைப்பதில்லை,
ஒருவரும் தாண்டுவதுமில்லை.

மாற்று இடம் கேட்டுத் திசையன்விளைக்கு ஏழு முறை போனேன்.
ஆறுமுகநயினார் சார் கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார்:
"இடம் இருந்தாத்தானம்மா மாற்று இடம்.
வந்து பார்த்தோம், அப்படி ஒரு இடமே இல்லை."
"பொறவு தீர்வை மட்டும் வாங்குதியளே?"
"அது கணக்கில் இருக்கு."

மார்கழி பிறந்த அன்று
குளங்கள் ஒன்றையொன்று உடைத்துக்கொண்டு வந்து
தாமிரபரணி ஏரல் கடைவீதிக்குள் நடந்தபோது
வள்ளங்களை லாரியில் ஏற்றினோம்.
முதல் வள்ளம் தஸ்நேவிஸ் அண்ணனுடையது,
தெருப்பலகைப் பெயின்ட் அடித்தது.
கூட ரெமிஜியுஸ்.
இருட்டில் ஒரு மாடி ஜன்னலில் டார்ச் வெளிச்சம்,
கீழ்வாசல் நிலைக்கு மேலே தண்ணீர்.
ஆறுமுகநயினார் சார்தான்,
வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டி,
நெஞ்சோடு ஒரு பை, பை நிறையப் பத்திரம்.
அண்ணன் துடுப்பை ஊன்றிக் கேட்டாராம்:
"இடமே தெரியலையே சார், சர்வே நம்பர் என்ன?"
அவர் சிரிக்கவில்லை.
நம்பரைச் சொன்னார்,
உட்பிரிவு சேர்த்து.

தையில் எட்டாவது முறை போனேன்.
நாற்காலி இழுத்துப் போட்டார். டீ வந்தது.
விரலிடுக்கில் சேற்றுப்புண், மஞ்சள் அப்பியிருந்தார்.
மனு தள்ளுபடிதான்.
ஆனால் காரணம் எழுதுமிடத்தில்
"இடம் இல்லை" என்பதை அடித்துவிட்டு
"இடம் நீருக்கடியில் உள்ளது" என்றிருந்தது.

தீர்வை கட்டிவிட்டுக் கடைசி பஸ்ஸில் வந்தேன்.
மின்கம்பத்தடியில் உட்கார்ந்து
முள்ளில் இரை கோத்துக்கொண்டிருந்த ரெமிஜியுஸ்
காகிதத்தை இரண்டு தரம் படித்தார்.
"அப்பொ அந்தக் கிணறு நம்ம தெருதான்" என்றார்.
மீன்கை பட்டு ஓரத்தில் ஈரம்.